பாஸான பிறகு எழுதிய பரீட்சை

கரட்டூரணி கிராம உதவியாளர் இருளாயி பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தில் பாஸாகிவிட்டார் என்ற செய்தி ஊருக்கு ஒரு திங்கட்கிழமை காலையில் தெரிந்தது. இருளாயிக்கும் அப்போதுதான் தெரிந்தது. பரீட்சைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

கீழக்குயில்குடியைத் தாண்டி, சமணமலைக்குப் பின்பக்கம் போனால் வருகிற ஊர் கரட்டூரணி. மினி பஸ் திரும்புகிற இடத்தில், வேப்பமரத்துக்கும் மின்கம்பத்துக்கும் நடுவில், யாராவது ஒருவருடைய பிளக்ஸ் எப்போதும் தொங்கும். காதுகுத்து, கல்யாணம், கபடிக் குழு, கண்ணீர் அஞ்சலி. ஒன்று வெயிலில் வெளுப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். அன்று வந்திருந்தது இருளாயியின் தம்பி மகனுடைய காதணி விழா பிளக்ஸ். நடுவில் குழந்தை, தலையில் கிரீடத்தோடு சிங்காசனத்தில். வலப்பக்கம் தாய்மாமன் கறுப்புக் கண்ணாடி போட்டு ஆளுயரத்துக்கு. இடப்பக்கம் மிச்ச உறவு மொத்தமும் தீப்பெட்டி அளவில். எல்லாவற்றுக்கும் கீழே ஒரு மஞ்சள் பட்டை. அதில் ஆதார் அட்டையிலிருந்து வெட்டி எடுத்த இருளாயியின் முகம். பக்கத்தில் எழுதியிருந்தது: ‘பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வில் வெற்றி வாகை சூடிய வருங்கால வி.ஏ.ஓ. எங்கள் அக்கா இருளாயி அவர்களை வாழ்த்தி மகிழும் தம்பிமார்கள்.’

ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு இருளாயி அதை இரண்டு தடவை படித்தார். டீக்கடையில் கிளாசும் கையுமாக நின்றவர்கள் கை தட்டினார்கள்.

“என்னத்தா வி.ஏ.ஓ.! வாயத் தொறக்கவே இல்ல, கமுக்கமாப் பாஸாயிட்ட?”

“வடையாச்சும் வாங்கிக் குடு ஆத்தா. பெரிய பதவி வருதுல்ல.”

இருளாயி எல்லோருக்கும் வடை வாங்கிக் கொடுத்தார். வேறு என்ன செய்வதென்று அந்த நேரத்தில் தோன்றவில்லை என்கிறார்.

கிராம உதவியாளரை ஊரில் பாதிப் பேர் இன்னும் தலையாரி என்றுதான் சொல்கிறார்கள். வி.ஏ.ஓ.வுக்கு, அதாவது கிராம நிர்வாக அலுவலருக்கு, கையும் காலும் அவர்தான். சர்வேயர் வந்தால் சங்கிலி பிடிக்க வேண்டும். யார் வயலில் என்ன விளைகிறது என்று நடந்து பார்த்து வர வேண்டும். சாதிச் சான்று, வாரிசுச் சான்று கேட்டவர் வீட்டுக்குப் போய் விசாரிக்க வேண்டும். கண்மாயில் மண் அள்ளுகிறான் என்று போன் வந்தால் ஓட வேண்டும். இருளாயியின் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலிக்கு நட்டவர்கள், களை எடுத்தவர்கள். தமிழில் ஒரு பத்தி வாசித்துக் காட்டி, அதிகாரிகள் முன்னால் சைக்கிள் ஓட்டிக் காட்டி இந்த வேலைக்கு வந்தார் இருளாயி. கணவர் இல்லை. மகள் பவதாரிணி கோயம்புத்தூரில் நர்சிங் படிக்கிறாள்.

கிராம உதவியாளருக்குப் பணிமூப்பும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் இருந்தால் வி.ஏ.ஓ. ஆக வழியுண்டு. இருளாயிக்கு மூப்பு வந்துவிட்டது. தேர்ச்சிதான் ஒரு பாடம் குறைந்தது. பள்ளிக்கூடத்தில் பத்தாவது எழுதியபோது கணக்கில்கூடத் தேறியவர் இங்கிலீஷில் விழுந்தார். அதைத் தனித்தேர்வராக எழுதி முடிக்க வேண்டும். ஆனால் எழுதப் போவதை யாரிடமும் சொல்லக்கூடாது என்று இருந்தார். காரணம், பக்கத்து கிராமத்து உதவியாளர் ஒருவர் ஊரெல்லாம் சொல்லிவிட்டு எழுதித் தோற்றார். அவரை இப்போது தாலுகா ஆபீஸ் முழுக்க ‘ஃபெயில் வி.ஏ.ஓ.’ என்றே கூப்பிடுகிறார்கள். அவருடைய மனைவியின் போனிலும் அந்தப் பெயரில்தான் நம்பர் இருப்பதாகப் பேச்சு.

எனவே விஷயம் மகளுக்கும் தம்பி சிவபாண்டிக்கும் மட்டும் தெரியும். சிவபாண்டி ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். சனி, ஞாயிறுகளில் அக்காவைத் திருப்பரங்குன்றத்தில் இறக்கிவிட வேண்டியிருந்ததால் அவரிடம் மறைக்க முடியவில்லை.

திருப்பரங்குன்றம் ஸ்டேஷன் ரோட்டில் ஒரு பாத்திரக் கடைக்கு மேல் மாடியில் டுட்டோரியல். இங்கிலீஷ் எடுப்பவர் முத்துமீனா. இருளாயியைவிடப் பன்னிரண்டு, பதின்மூன்று வயது இளையவர். ‘அக்கா’ என்று கூப்பிடுவார். இருளாயி அவரை ‘மிஸ்’ என்பார். பார்ட்ஸ் ஆஃப் ஸ்பீச், அதாவது சொல்லின் வகைகள், பிடிபட்டால்தான் மேற்கொண்டு போக முடியும் என்பது முத்துமீனாவின் கொள்கை. நவுன் என்றால் பெயர்ச்சொல், வெர்ப் என்றால் வினைச்சொல் என்று எட்டு வகையைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, உதாரணங்களோடு மனப்பாடம் செய்து வரச் சொல்லியிருந்தார். இருளாயி வெல் என்ற வார்த்தையைக் கிணறு என்று படித்து, நவுன் என்று எழுதி, அடுத்த வாரம் வந்து உட்கார்ந்தார். சிக்கல் அங்கேதான் தொடங்கியது.

“இந்த வரியில வெல் அட்வெர்ப்க்கா.”

“மிஸ், போன வாரம் நீங்கதான நவுன்னு சொன்னீக?”

“அது வேற வரி. இது ‘ஷி சிங்ஸ் வெல்’. அவ நல்லாப் பாடுறா.”

“அவ பாடட்டும். கெணறு எங்கிட்டிருந்து வந்துச்சு?”

“கெணறே இல்லக்கா இங்க.”

“கெணறு இல்லாம எதுக்கு மிஸ் வெல்லுன்னு எழுதணும்?”

முத்துமீனா பொறுமைசாலி. மூன்று வரி எழுதி மூன்றிலும் வெல்லைக் கட்டம் போட்டுக் காட்டினார். முதல் வரியில் கிணறு. இரண்டாவதில் ‘நல்லா’. மூன்றாவதில் பேச ஆரம்பிக்கும்போது சும்மா இழுக்கிற ஒரு சத்தம். அதன் பெயர் இன்டர்ஜெக்ஷன்.

இருளாயி நெடுநேரம் பலகையைப் பார்த்தார். தினமும் சாதிச் சான்று விசாரிக்கிறவர் கேட்கிற கேள்வியைத்தான் கேட்டார்.

“மூணுல எது மிஸ் அதோட உண்மையான சாதி? ஒண்ணச் சொல்லுங்க, எழுதிக்கிறேன்.”

“வார்த்தைக்குப் பொறப்புல சாதி கெடையாதுக்கா. எந்த எடத்துல என்ன வேல பாக்குதோ, அதான் அங்க அதுக்குப் பேரு.”

“எடத்த மாத்துனா?”

“பேரும் மாறிரும்.”

“அப்பன் பேரு, பாட்டன் பேரு ஒண்ணும் கேக்க மாட்டாகளா?”

“கேக்க மாட்டாக.”

“யாரு போட்ட ஆர்டர் மிஸ் இது? வெள்ளக்காரனா?”

“அவனேதான்.”

“அவன் இங்க இருந்தப்ப இத ஏன் போடல?”

வகுப்பே சிரித்தது. இருளாயி சிரிக்கவில்லை. எந்த ஊருக்குக் குடிபோனாலும், எந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாலும், சான்றிதழில் அந்த ஒரு வரி மாறி அவர் பார்த்ததே இல்லை. மாறக்கூடாது என்பதற்காகத்தான் அவரையே விசாரிக்க அனுப்புகிறார்கள். இங்கே என்னவென்றால் ஒரு சொல் வரிக்கு வரி வேறு ஆளாக நிற்கிறது, யாரும் அதைப் பிடித்துக் கேட்கவில்லை. அது அவருக்குப் பிடித்திருந்ததா, பிடிக்கவில்லையா என்று கேட்டால் இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. “கொழப்பமா இருந்துச்சு. அம்புட்டுத்தான்” என்கிறார்.

திரும்பி வரும்போது மினி பஸ்ஸில் அவருக்கு ஒரு வழி தோன்றியது. மனிதர்களில் இல்லாத ஏற்பாடு நிலத்தில் உண்டே! ஒரு சர்வே எண்ணை உட்பிரிவு செய்வார்கள். 1ஏ வீடு, 1பி தோட்டம், 1சி பாதை. எண் ஒன்றுதான். எந்த உட்பிரிவில் நிற்கிறோம் என்பதைப் பொறுத்து வகை மாறும். அன்றிலிருந்து ஒவ்வோர் இங்கிலீஷ் வார்த்தைக்கும் உட்பிரிவு போட ஆரம்பித்தார். வெல்: 1ஏ கிணறு, 1பி நல்லா, 1சி சும்மாச் சத்தம். கொஞ்ச நாள் இந்த ஏற்பாடு ஒழுங்காக ஓடியது. பிறகு ‘ரவுண்ட்’ வந்தது. அதற்கு முத்துமீனா ஐந்து வேலை காட்டினார்.

“இத்தன பேரு கூட்டுல இருக்குற நெலம் கோர்ட்டுக்குத்தான் மிஸ் போகும்” என்றார் இருளாயி.

மொத்தம் எத்தனை வகை என்பதிலும் தெளிவில்லை. மிஸ் எட்டு என்கிறார். போனில் கேட்டால் மகள், “ஒம்பதும்மா, டிட்டர்மினர விட்டுட்ட” என்கிறாள். தமிழ் வகுப்பில் பெயர், வினை, இடை, உரி என்று நாலோடு முடித்தது இருளாயிக்கு நினைவிருந்தது.

“எட்டா, ஒம்பதா? அரசாங்கம் எத்தனன்னு சொல்லுது?”

“நீ எட்டுன்னே எழுதும்மா. எட்டு எழுதுனா யாரும் அடிக்க மாட்டாங்க.”

இப்படி எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்த சமயத்தில்தான் பிளக்ஸ் வந்தது.

வடைக்குக் காசு கொடுத்துவிட்டு நேரே தம்பி வீட்டுக்குப் போனார். சிவபாண்டி ஆட்டோவைக் கழுவிக்கொண்டிருந்தார். அக்கா முகத்தைப் பார்த்ததும் பெருமையாகச் சிரித்தார்.

“எப்புடி இருக்குக்கா?”

“யாரக் கேட்டு வச்ச?”

“கேக்க என்னக்கா இருக்கு? பிளக்ஸுக்கு அளவு ஒரே அளவுதான். அடியில ஒரு பட்ட எடம் சும்மா கெடந்துச்சு. டிசைன் பண்றவன் பூவப் போடவா, குத்துவெளக்கப் போடவான்னான். எங்கக்கா இருக்கையில பூ எதுக்குடான்னேன்.”

“நான் இன்னும் எழுதவே இல்லடா!”

“எழுதுவேல்ல?”

“எழுதுவேன்.”

“பாஸாவேல்ல?”

பதிலுக்குக் காத்திராமல் சிவபாண்டி ஆட்டோக் கண்ணாடியைத் துடைத்தார்.

“பெறகென்ன? பாஸான பெறகு உனக்குன்னு தனியா ஒண்ணு அடிக்கணும். ஒரே செலவா முடிஞ்சிருச்சு பாரு.”

“இப்பவே போயி எறக்கு.”

சிவபாண்டி கையிலிருந்த துணியைக் கீழே போட்டார். “என்னக்கா பேசுற? எம் மச்சினன் சொந்தக் காசுல வச்ச பிளக்ஸு. விசேசத்துக்கு முன்னால தாய்மாமன் படத்த எறக்குனா அவன் சீரு கொண்டாருவானா? எம் பொண்டாட்டி வீட்டுல இருப்பாளா?”

“அப்ப எம் படத்து மேல மட்டும் ஒரு பேப்பர ஒட்டிவிடு.”

இதைக் கேட்டதும் சிவபாண்டியின் சிரிப்பு போய்விட்டது. “மொகத்த மறைக்கவா? நம்ம தெரு ஆளு மொகத்துல பேப்பர் ஒட்டிருக்குன்னா, எவன் ஒட்டுனான்னு மொதக் கேள்வி வரும். நான்தான்னு சொன்னாலும் நம்ப மாட்டானுக. ரெண்டு தெருவும் கூடிரும்க்கா.”

அது உண்மை. கரட்டூரணியில் பிளக்ஸில் இருக்கிற முகத்தை மறைப்பது ஆளையே அடிப்பதற்குச் சமம். தெருவுக்குத் தெரு கேள்வி கிளம்பும். போலீஸ் ஜீப் வரும். ஜீப் வந்தால் ஒவ்வொரு வீடாக அழைத்துப் போய்க் காட்ட வேண்டிய பொறுப்பு கிராம உதவியாளருடையது. தன் முகத்தை மறைத்தது யார் என்று தானே விசாரிக்கப் போகிற காட்சி இருளாயிக்குக் கண்முன் வந்தது. வெளியே வந்துவிட்டார்.

ஆபீஸில் வி.ஏ.ஓ. நல்லகாமன் காத்திருந்தார். ஐம்பதைத் தாண்டியவர், கிண்டல்காரர், கெட்டவரில்லை.

“வாங்க மேடம். எனக்கு எந்த ஊருக்கு டிரான்ஸ்பர்னும் உந்தம்பி போட்டிருக்கானா? நான் சரியாப் பாக்கல.”

“சார், அது வந்து...”

“சந்தோசம்தாம்மா. எங்கிட்டயாச்சும் சொல்லிருக்கலாம். தாலுகால பட்டியல் எடுக்குறாங்க, அடுத்த மாசக் கடைசில போகணும். மார்க் சீட்டக் கொண்டா, சேத்து அனுப்புறேன்.”

உண்மையைச் சொல்ல இருந்த இடம் அதுதான். இருளாயிக்கு ஃபெயில் வி.ஏ.ஓ.வின் முகம் ஞாபகம் வந்தது.

“பீரோவுல இருக்கு சார்.”

“நாளைக்கிக் கொண்டா.”

“பீரோ சாவி பிள்ளைட்ட இருக்கு சார். அவ கோயம்புத்தூர்ல இருக்கா.”

“பீரோ இங்க, சாவி அங்கயா?” நல்லகாமன் அவரை ஒரு மாதிரி பார்த்தார். “சரி. அடுத்த மாசக் கடைசிக்குள்ள வரச் சொல்லு.”

ஆக, முன்பு தோற்றால் வெறும் தோல்வி. இப்போது தோற்றால் ஆபீஸில் பொய் சொன்னவர். இந்தப் பட்டியலும் போய்விடும். அதற்குப் பிறகு இருளாயி என்ன காகிதம் கொண்டுவந்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள். பாஸ் ஆவதைத் தவிர அவருக்கு வேறு வழி இல்லை.

ஊர் அவருக்கு மேல் குழம்பியது. பட்டா மாறுதல் கேட்டு மனு வைத்திருந்தவர்கள் நல்லகாமனைத் தாண்டி வந்து இவரிடம் நீட்டினார்கள். “அவரு போகப்போறவரு. நீயே கையெழுத்தப் போட்டுக் குடு ஆத்தா” என்றார் ஒரு பெரியவர். எனக்கு அதிகாரமில்லை என்றதற்கு, “பதவி வந்ததும் பேச்சப் பாரு” என்று திட்டிவிட்டுப் போனார்.

எல்லோரையும்விட மலையம்மாளின் மௌனம்தான் உறுத்தியது. மேலத்தெருவில் விவசாயக் குடும்பம். இருளாயியின் அம்மா நடவுக்குப் போன வயல்களில் அவர்களுடையதும் ஒன்று. மலையம்மாள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமையல் உதவியாளர். பார்க்கும்போதெல்லாம் நின்று இரண்டு வார்த்தை பேசுகிறவர், பிளக்ஸ் வந்த நாளிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு நாள் எதிரே வந்தபோது, “வழி விடுங்கப்பா, ஆபீசரம்மா வாராக” என்று பக்கத்தில் நின்ற ஆட்டிடம் சொல்லிவிட்டு நகர்ந்தார். இருளாயிக்கு வருத்தம். தெரு வித்தியாசம்தான் கடைசியில் வெளியே வருகிறது என்று நினைத்துக்கொண்டார்.

பரீட்சைக்கு லீவு கேட்க முடியாது. பாஸானவர் எதற்குப் பரீட்சைக்குப் போகிறார்? “திருப்பரங்குன்றம் கோயில்ல ஒரு வேண்டுதல் சார்” என்றார். “பாஸானதுக்கா? போயிட்டு வா, எனக்கும் சேத்துக் கும்பிடு” என்றார் நல்லகாமன். காதுகுத்து முடிந்திருந்தது. ஆனால் அடுத்த விசேஷம் எதுவும் இல்லாததால் பிளக்ஸ் அங்கேயே இருந்தது. அதன் கீழ் நின்றுதான் இருளாயி பஸ் ஏறினார்.

திருப்பரங்குன்றத்தில் பரீட்சை நடந்த பள்ளிக்கூட வாசலில் பையன்களும் பெண்களுமாகக் கூட்டம். புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிக் கடைசிப் பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் சேலைத் தலைப்பை முக்காடாகப் போட்டு, சுவரைப் பார்த்து ஒரு பெண் நின்றார். இருளாயி தாண்டிப் போகும்போது அந்த முக்காடு திரும்பியது. மலையம்மாள்.



“நீ எங்கிட்டு இங்க?” என்றார் மலையம்மாள்.

“கோயிலுக்கு வந்தேன்க்கா.”

“கோயிலு அங்கிட்டுல்ல இருக்கு.”

“நீங்க?”

“நானும் கோயிலுக்குத்தான்.”

இரண்டு பேர் கையிலும் ஹால் டிக்கெட் இருந்தது. மலையம்மாள்தான் முதலில் உடைந்தார்.

“பத்தாவது இருந்தா அமைப்பாளர் ஆகலாம்னாங்க. எனக்கும் இந்த இழவெடுத்த இங்கிலீசுதான் நிக்குது. வீட்டுல தெரிஞ்சா சிரிப்பாகன்னு சொல்லல. நீதான் பாஸாயிட்டியே, மறுபடி எதுக்கு வந்த?”

“நான் பாஸாகலக்கா.”

“போர்டு வச்சிருக்காகளே!”

“போர்டு வச்சிட்டாக. பரீட்ச இன்னைக்கித்தான்.”

மலையம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு நடைபாதையிலேயே உட்கார்ந்து, தலைப்பால் வாயை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். “அடிப்பாவி! மூணு வாரமா வயித்தெரிச்சல்ல சோறு எறங்கல எனக்கு. நம்மகூட இருந்த இருளாயி முந்திக்கிட்டாளேன்னு.”

“ஊர்ல சொல்லிறாதீக.”

“நான் சொன்னா நீ எங் கதையச் சொல்லுவ. வாய மூடு, நானும் மூடுறேன்.” மணி அடித்தது. எழுந்திருக்கக் கை நீட்டினார். இருளாயி பிடித்துத் தூக்கிவிட்டார். “உள்ள போறதுக்கு முந்தி ஒண்ணு மட்டும் சொல்லு. அந்த இன்டர்ஜெக்ஷன் இன்டர்ஜெக்ஷன்ங்கறாகளே, அது என்னத்த?”

“ஆத்தாடின்னு சொல்லுவோம்ல, அது.”

“அதுக்கு ஒரு பேரா? ஆத்தாடி!”

“அதேதான்க்கா.”

உள்ளே வினாத்தாளில் பாதி தெரிந்தது, பாதி தெரிந்த மாதிரி இருந்தது. இலக்கணப் பகுதியில் ஒரு வரியில் வெல் வந்தது. இருளாயி ஆவலோடு பொருத்திப் பார்த்தார். கிணறு இல்லை. பாட்டும் இல்லை. சும்மாச் சத்தமும் இல்லை. அந்த வரியில் ஒருவர் உடம்பு தேறி வெல்லாக இருந்தார். 1ஏ, 1பி, 1சி எதிலும் இடமில்லை. சர்வேயர் கூடப் போகும்போதும் இப்படி நடக்கும். வரைபடத்தில் இல்லாத ஒரு துண்டு நிலம் காலடியில் கிடக்கும். ஆளை விவரிப்பதால் அட்ஜெக்டிவ் என்று எழுதினார். அடித்தார். மறுபடி எழுதினார். வெளியே வந்தபோது எதை அடித்து எதை விட்டோம் என்பது மறந்துவிட்டது.

அதன்பிறகு ஊரில் எல்லாம் தலைகீழாகிவிட்டது. பரீட்சை எழுதியவருக்கு எப்படி எழுதினாய் என்று கேட்க ஆளில்லை. பயமாக இருக்கிறது என்று சொல்லவும் வழியில்லை. மலையம்மாளிடம் மட்டும் பேச முடிந்தது. காலையில் பள்ளிக்கூடப் பக்கம் விசாரணை இருப்பதுபோல் ஸ்கூட்டியைத் திருப்புவார். மலையம்மாள் அரிசி களைந்துகொண்டே, “மூணாவது கேள்விக்கு நீ என்ன எழுதுன?” என்பார். இருவரும் எழுதியது எப்போதும் வேறு வேறாக இருக்கும். யாருடையது சரி என்று தெரியாமலே உலை கொதிக்கும். நல்லகாமன் பீரோ சாவியைப் பற்றி இரண்டு தடவை விசாரித்தார். மகள் வருகிறாள் என்று இரண்டு தடவையும் சொல்லியாயிற்று.

ரிசல்ட் வந்த அன்று இருளாயி ஆபீஸில் இருந்தார். எதிரே நல்லகாமன் லேப்டாப்பில் பட்டா மாறுதல் பார்த்துக்கொண்டிருந்தார். இருளாயி போனை மேஜைக்குக் கீழே வைத்து நம்பரையும் பிறந்த தேதியையும் போட்டார். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு பக்கம் திறந்தது. தேர்ச்சி.

எழுந்து நின்றுவிட்டார்.

“என்னம்மா?”

“ஒண்ணுமில்ல சார்.”

ஊர் கேட்கக் கத்த வேண்டும்போல் இருந்தது. ஆனால் என்னவென்று கத்துவது? ஊரைப் பொறுத்தவரை அவர் பாஸாகி ஒன்றரை மாதமாகிறது. கை தட்டியாயிற்று, வடை தின்றாயிற்று. தம்பியிடம் சொன்னால், “அதான் தெரியுமேக்கா” என்பான். இருளாயி ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடச் சமையலறைக்குப் போனார்.

மலையம்மாள் சாம்பாரைக் கிண்டிக்கொண்டிருந்தார். இருளாயியின் முகத்தைப் பார்த்ததுமே கரண்டியை வைத்துவிட்டு, இடுப்பிலிருந்து ஹால் டிக்கெட்டை எடுத்து நீட்டினார். “எனக்கும் பாரு.” அது வியர்வையில் நனைந்திருந்தது. இருளாயி நம்பரைப் போட்டுப் பார்த்தார். இன்னொரு தடவையும் போட்டுப் பார்த்தார்.

“இல்லக்கா.”

மலையம்மாள் கரண்டியை எடுத்து மறுபடி கிண்டினார். அடி பிடித்துவிடக் கூடாதே என்பதுபோல் வேகமாகக் கிண்டினார். “எனக்குன்னு பிளக்ஸு வைக்க ஒரு தம்பி இல்லாதது நல்லதாப் போச்சு” என்றார். பிறகு, “ஒனக்கு ஆயிருச்சுல்ல?”

“ஆயிருச்சு.”

“சொல்லு. என் மூஞ்சியப் பாத்துட்டு நிக்காத. சந்தோசமாச் சொல்லு.”

“பாஸாயிட்டேன்க்கா.”

“ஆத்தாடி! இப்பச் சரி.” அடுப்பைத் தணித்தார். திடீரென்று திரும்பினார். “ஏய், மார்க் சீட்டுல எந்த மாசம் எழுதுனன்னு போட்டிருப்பான்ல? உங்க வி.ஏ.ஓ. பாப்பாருல்ல?”

இருளாயி அதுவரை அதை யோசிக்கவே இல்லை. பாஸானால் பொய் உண்மையாகிவிடும் என்றுதான் இருந்தார்.

“போயி நீயே சொல்லிரு. அவரு கண்ணாடியப் போட்டு வாசிச்சுக் கண்டுபிடிக்கறதுக்கு முந்தி” என்றார் மலையம்மாள். “போறப்ப அந்த மிஸ்ஸோட நம்பர எம் போன்ல ஏத்திட்டுப் போ. சனிக்கெழமைக்கு நான் போகணும். ஒந்தம்பி ஆட்டோ வேணாம், நான் பஸ்ஸுலயே போய்க்கிறேன்.”

நல்லகாமன் தூக்குவாளியைத் திறந்து சாப்பிட உட்கார்ந்திருந்தார். இருளாயி வாசலிலேயே நின்றார்.

“சார், நான் பாஸாயிட்டேன்.”

“அதான் ஊருக்கே தெரியுமே.”

“இல்ல சார். இன்னைக்கித்தான் ஆனேன்.”

நல்லகாமன் கை பாதி வழியில் நின்றது. “அப்ப முந்தி ஆனது?”

“அது எந்தம்பி ஆக்குனது சார்.”

இடம் மிச்சம் இருந்தது, தாய்மாமன் படம், முகத்தை மறைத்தால் கூடுகிற இரண்டு தெரு, கோயில் வேண்டுதல் என்று எல்லாவற்றையும் நின்ற வாக்கில் சொல்லி முடித்தார். நல்லகாமன் திட்டுவார் என்று எதிர்பார்த்தார். அவர் திட்டவில்லை. முகம் வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

“உம்பேர போன வாரமே எழுதி அனுப்பிட்டேனேம்மா. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பெற்றவர், சான்று பின்னர் இணைக்கப்படும்னு. எங் கையெழுத்தப் போட்டு.”

“மார்க் சீட்டப் பாக்காமலா சார்?”

“பிளக்ஸப் பாத்தேன்ல!”

இதில் யார் யாரைக் கேட்பது என்று இரண்டு பேருக்கும் விளங்கவில்லை. நல்லகாமன் சாப்பாட்டை மூடி வைத்தார்.

“எத்தன மார்க்கு?”

“முப்பத்தாறு சார்.”

“பாஸு எத்தன?”

“முப்பத்தஞ்சு.”

நல்லகாமன் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். “ஒத்த மார்க்குலயாம்மா எங் கையெழுத்து தொங்கிக்கிட்டு இருந்துச்சு?”

“உங்க கையெழுத்து மட்டுமா சார்” என்றார் இருளாயி.